கறி காயப்போட ஓர் இடம்

எங்கள் மூன்று வீடுகளும் சேர்ந்து ஒரு எலக்ட்ரிக் ஸ்மோக்கர் வாங்கியிருக்கிறோம். நாங்கள் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவள் சென்னையைத் தாண்டிப் புறநகரில், கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். மற்ற இரண்டு பேரும் நகரத்துக்குள் வாடகைக்கு இருக்கிறோம். வாங்கலாம் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து பெட்டி வந்து இறங்கும்வரை நான்கு மாதம் ஆனது. நடுவில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு சண்டை, ஒரு வார மௌனம் எல்லாம் நடந்தன.

வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு என்று எழுதுகிற இடத்தில் சமையல் சாமானைப் பற்றி எழுதலாமா என்று தோழர்கள் கேட்கலாம். இந்தப் பெட்டியை எங்கே வைப்பது, அதில் என்ன கறியைப் போடுவது, புகை எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்யும்போதும் சாதிதான் எதிரில் வந்து நின்றது. அதனால்தான் எழுதுகிறோம். வாங்க நினைக்கும் மற்ற வீடுகளுக்கும் நாங்கள் தேடித் தெரிந்துகொண்டது உதவட்டும்.

ஸ்மோக்கர் என்பது பெரிய வித்தை இல்லை. விடுதி அறைகளில் வைக்கிற சின்ன ஃபிரிட்ஜ் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. அடியில் ஹீட்டர் காயில். அதன்மேல் மரச்சில்லு போட ஒரு தட்டு, அதற்கும் மேலே தண்ணீர்க் கிண்ணம், பிறகு கறியை அடுக்கக் கம்பித் தட்டுகள். உச்சியில் புகை போக ஒரு துவாரம். காயில் சூடேறும்போது சில்லு கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகையும். உள்ளே வெப்பம் பொதுவாக 107 முதல் 120 டிகிரி செல்சியஸ்வரை வைப்பார்கள். அந்தச் சூட்டில் கறி மணிக்கணக்கில் மெதுவாக வேகும். விறகடுப்பு என்றால் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தீயைத் தள்ளியும் இழுத்தும் பார்க்க வேண்டும். இதில் அந்த வேலையைத் தெர்மோஸ்டாட் செய்கிறது.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல உப்புக்கண்டத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆம்பூர் பக்கத்தில் எங்கள் காலனியில் மாட்டுக்கறி மலிவாகக் கிடைத்த நாட்களில் ஆயா நிறைய வாங்கிவிடுவார். தின்றது போக மிச்சத்தை நாரோட்டத்தில் நீளநீளமாக நாடாபோல் அரிவார். உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் காலையில் கொடியில் தொங்கவிடுவார். மூன்று நான்கு நாள் நல்ல வெயில் வேண்டும். சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்து, காலையில் மறுபடியும் போட வேண்டும். மழைக்காலம் என்றால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதில் தொங்கும். விறகுப் புகை ஏறி ஏறிக் கறி கறுத்துப்போகும். அப்படிக் காய்ந்ததைத் தகர டப்பாவில் போட்டு வைத்தால், கையில் காசில்லாத வாரத்தில் நாலு துண்டை இடித்துக் கத்தரிக்காயோடு குழம்பு வைக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத, தினக்கூலி நிச்சயமில்லாத வீடுகள் கண்டுபிடித்த சேமிப்பு அது.

அந்தச் சேமிப்பின் பின்னால் இருந்த உழைப்பு முழுக்கப் பெண்களுடையது. கறி அரிவது, பிசறுவது, காக்காயும் நாயும் வராமல் நாள் முழுக்கக் காவல் இருப்பது எல்லாம் அவர்கள் வேலை. "மூணு நாளு குச்சியும் கையுமா குந்திக் கெடப்போம். பள்ளிக்கூடத்துக்குப் போன நாளைவிடக் காக்கா ஓட்டுன நாளுதான் அதிகம்" என்று அம்மா சொல்வார். பழைய முறைதான் உயர்ந்தது, மிஷின் எதற்கு என்று யாராவது சொன்னால் அம்மாவிடம் அனுப்பி வைக்கிறோம். பெட்டிக்குள் காக்காய் வராது என்பதுதான் அவர் இதற்குச் சம்மதித்த முதல் காரணம்.

நகரத்துக்கு வந்த பிறகு உப்புக்கண்டம் எங்கள் வீடுகளில் நின்றுபோனது. கடற்காற்றின் ஈரத்தில் கறி சரியாகக் காயாது என்பது ஒரு காரணம். வாடகை வீடு பெரிய காரணம். எங்களில் நடுவில் பிறந்தவன் முன்பு இருந்த வீட்டில், மொட்டைமாடிக் கொடியில் ஒரு கிலோ கறியை அரிந்து காயப்போட்டார்கள். மத்தியானம் வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். அந்த மாதக் கடைசியில், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். காலி செய்த ஒரு மாதத்தில் அதே வாசலில் "டு-லெட்" பலகை தொங்கியது. "வெஜ் மட்டும்" என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

இந்த "வெஜ் மட்டும்" என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பதற்குத் தீண்டாமையின் பேரால் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. எழுபது வருடமாக அந்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் இன்று எந்த வீட்டுக்காரரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. "என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்கிறார். நாம் உண்மையைச் சொன்னால் வீடு இல்லை, பொய் சொன்னால் சமையலறையில் பயந்து பயந்து வாழ வேண்டும். சட்டத்தின் கண்ணில் படாத சந்து அது. தமிழ்நாட்டில் பெரும்பான்மையினர் கறி தின்கிறவர்கள்தான். ஆட்டுக்கறியும் கோழியும் தின்கிற வீட்டுக்காரர்கூட "மத்ததெல்லாம் சரி, அது மட்டும் வேணாம்" என்கிறார். அந்த "அது" யாரைக் குறிக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. 2007இல் டெல்லி காவல்துறை வடகிழக்கு மாநில மாணவர்களுக்கு என்று ஒரு கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அகுனி போன்ற மணம் வீசும் உணவுகளை அக்கம்பக்கத்தில் சலசலப்பு வராமல் சமைக்க வேண்டும் என்று அதில் அறிவுரை இருந்தது. நாகா வீடுகளில் அடுப்புக்கு மேலே பன்றிக்கறி புகையில் தொங்குவது எங்கள் ஆயா வீட்டு அடுப்பைப் போலத்தான். 2015 செப்டம்பர் 28 அன்று உத்தரப்பிரதேசத்தின் தாத்ரி அருகே முகமது அக்லாக்கை அடித்துக் கொன்றார்கள். வீட்டில் மாட்டுக்கறி இருக்கிறது என்ற வதந்தி போதுமானதாக இருந்தது. பிறகு கறித்துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஒருவர் செத்த பிறகும் விசாரணை அவர் தின்றதைப் பற்றியே நடந்தது.

இந்த நினைவுகளோடுதான் நாங்கள் ஸ்மோக்கர் பார்க்க உட்கார்ந்தோம். முதல் சண்டை வந்தது புகையில்லாத மாடலைப் பற்றி. வீட்டுக்குள்ளேயே வைத்து, புகையைப் பெட்டிக்குள்ளேயே வடிகட்டி, சமையலறையில் மணம் பரவாமல் கறியைப் புகையூட்டித் தரும் மாடல் அமெரிக்காவில் விற்கிறது. எங்களில் இளையவளுக்கு அது பிடித்துவிட்டது. அவள் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். நடுவில் பிறந்தவன், "காசு கொடுத்து ஒளியறதுக்கு ஒரு மிஷின் வாங்கணுமா?" என்று கேட்டான். அவள் விடவில்லை. "ஒளிஞ்சு திங்கறேன்னே வச்சுக்கோ அண்ணா. நடு வருசத்துல புள்ளைங்களை இழுத்துக்கிட்டு வீடு தேடப்போறது நீயா?" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தன்மானம் பேசுவது சொந்த மாடி உள்ளவர்களுக்கு எளிது. வாடகை வீட்டில் இருக்கிற பெண், பிள்ளைகளின் பள்ளியை நினைத்துத்தான் முடிவெடுப்பாள். ஆனால் அந்த மிஷின் விற்கிற வசதி நமக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. இன்றைக்கு மணத்தை மறைக்க ஒரு பெட்டி, நாளைக்குக் கறிக்கடைப் பையை மறைக்க இன்னொரு பை என்று நாமே நம்முடைய செலவில் அவர்களுடைய விதியைக் காவல் காப்போம். கடைசியில் அம்மாதான் பேச்சை முடித்தார். "வாசனையே வரக்கூடாதுன்னா பொகை எதுக்கு? குக்கர்ல வேகவச்சுத் தின்னுட்டுப் போங்க."

அந்த மாடல் 120 வோல்ட்டில் ஓடுவது என்பதும் எங்கள் முடிவுக்கு உதவியது. இது வாங்குகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் மூலம் வரும் ஸ்மோக்கர் எல்லாம் 120 வோல்ட்டுக்கானவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அப்படியே மாட்டினால் காயில் இழுக்கிற சக்தி மூன்றரை மடங்குக்கு மேல் போகும், எரிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். ஸ்மோக்கரின் வாட் அளவைவிடத் தாராளமாகப் பெரியதாக அது இருக்க வேண்டும், எடையும் அதிகம். 230 வோல்ட் மாடலாகவே வாங்குங்கள்.

மின்செலவு நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. 800 வாட் காயில் நிற்காமல் எட்டு மணி நேரம் ஓடினாலும் 6.4 யூனிட்தான். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் அதைவிடக் குறையும். சொந்த மீட்டர் உள்ள வீட்டுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வாடகை வீட்டில் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே விலை சொல்கிற இடங்களில் கணக்கு வேறு. அதனாலும் பெட்டி மூத்தவள் வீட்டு மொட்டைமாடிக்கே போனது.

மாடிக்குப் போனதற்கு உயிர் சம்பந்தமான காரணமும் உண்டு. கனலும் மரச்சில்லிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய சமையலறையிலோ, கதவடைத்த பால்கனியிலோ சாதாரண ஸ்மோக்கரை வைக்கவே கூடாது. மேலே மழை படாத ஒரு கூரை, நான்கு பக்கமும் காற்று, மண்ணிணைப்பு உள்ள 16 ஆம்பியர் பிளக், இவ்வளவும் வேண்டும். ஆக ஸ்மோக்கர் வைக்க முதலில் தேவைப்படுவது திறந்த இடம். அந்தத் திறந்த இடம்தான் ஊரில் கொடியாகவும் நகரத்தில் மாடியாகவும் நமக்கு மறுக்கப்பட்டு வந்தது.

அடுத்தது, உண்மையில் நமக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி. உப்புக்கண்டம் மட்டும் போதும் என்றால் ஸ்மோக்கர் தேவையில்லை. காய்கறியும் பழமும் உலர்த்துகிற, உள்ளே விசிறி சுற்றும் மின் உலர்த்தியே போதும், அதில் புகையும் இல்லை. எங்களுக்கு அடுப்புக்கு மேல் தொங்கிய அந்தப் புகைச்சுவையும் வேண்டும், பெரிய துண்டு நெஞ்சுக்கறியும் வேண்டும். ஸ்மோக்கரிலேயே உலர்த்தவும் செய்யலாம். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, மேல் துவாரத்தை முழுக்கத் திறந்துவிட வேண்டும். ஒரு சிக்கல் உண்டு. 60, 65 டிகிரியில் வைக்கும்போது காயில் அடிக்கடி அணைந்துவிடுவதால் சில்லு கனலும் அளவுக்குச் சூடேறாது, புகை வராது. அதற்கு முதல் ஒரு மணி நேரம் சூட்டைக் கூட்டிவைத்துப் புகையேற்றலாம். துளை போட்ட சின்ன இரும்புக் குழாயில் மரத்தூளை நிரப்பிப் பற்றவைத்து உள்ளே வைப்பது இன்னொரு வழி.

சில்லு விஷயத்தில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இணையக் கடைகளில் "மெஸ்கீட்" என்று வெளிநாட்டு மரச்சில்லைச் சின்னப் பையில் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்து மாட்டுக்கறிக்குப் பேர்போன புகை அது. அந்த மெஸ்கீட், நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய இனம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் அந்த முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். அந்தப் புகையில் நாள் முழுக்க நின்றவர்களின் இருமலுக்கு விலை இல்லை. பையில் அடைத்து வெளிநாட்டுப் பெயர் ஒட்டியதும் விலை வந்துவிடுகிறது. நாங்கள் காய்ந்த சீமைக்கருவேலத்தையும் கொய்யாக் கிளையையும் வெட்டிச் சில்லாக்கிக்கொண்டோம். பிசின் வடிகிற மரம், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் மூன்றையும் தொடாதீர்கள். அந்தப் புகை நஞ்சு.

கறிக்கு வருவோம். வெளிநாட்டுச் செய்முறைகளை அப்படியே பின்பற்றினால் நம் கறி காய்ந்து கட்டையாகிவிடும். அதற்கும் சட்டம்தான் காரணம். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் பயன்படாத மாடுகளுக்கோ, நிரந்தரமாக முடமானவற்றுக்கோதான் அறுக்கச் சான்றிதழ் கிடைக்கும். எருமைக்கும் அதே விதி. ஆக நம் கடைக்கு வருவது உழைத்து ஓய்ந்த மாடு. கொழுப்பு குறைவு, நார் அதிகம். இதற்கு ஸ்மோக்கர் நன்றாகவே பொருந்துகிறது. கறியை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் மெதுவான ஈரச்சூட்டில் பல மணி நேரம் இருந்தால் உருகிக் குழைந்துவிடும். நெஞ்சுக்கறியை இரண்டு கிலோத் துண்டாக வாங்குங்கள். மேலே மாட்டுக்கொழுப்பை அரிந்து பரப்புங்கள், கிண்ணத்தில் தண்ணீர் குறையாமல் பாருங்கள். நாலைந்து மணி நேரம் புகைந்ததும் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி மறுபடி வையுங்கள். உள்சூடு 93 டிகிரிக்கு மேல் போனதும் கறி விரலால் பிய்க்க வரும்.

அமெரிக்காவிலும் இந்தச் சமையல் வெள்ளைக்காரப் பணக்காரர் வீட்டு மேசையில் பிறந்ததில்லை. தென்மாநிலங்களில் குழி வெட்டி, விறகெரித்து, இரவெல்லாம் கண்விழித்து முழு விலங்கை வாட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். ஏட்ரியன் மில்லர் 2021இல் வெளியிட்ட 'பிளாக் ஸ்மோக்' என்ற நூல் அந்த வரலாற்றைச் சொல்கிறது. இன்று அதே சமையல் தொலைக்காட்சியிலும் பரிசு மேடையிலும் புகழ்பெறும்போது அவர்கள் ஓரங்கட்டப்படுவதையும் சொல்கிறது. சென்னையிலும் பெரிய உணவகங்களில் "ஸ்மோக்ட் பீஃப்" வந்துவிட்டது. மேல்தட்டு வாடிக்கையாளர் அதைப் படம் எடுத்துப் போடுகிறார். அவரே வீட்டு மாடியில் எங்கள் கொடியைப் பார்த்தால் முகம் சுளிப்பார்.

இரண்டாவது சண்டை, சண்டை என்று சொல்ல முடியாது, பெரியப்பாவோடு நடந்த வாதம். தோல் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், காலனியில் அம்பேத்கர் மன்றம் தொடங்கியவர்களில் ஒருவர். "பாபாசாகேப் விடச்சொன்னதை நாங்க விட்டோம். அந்தக் கண்டத்தைப் பார்த்தாலே எங்களுக்கு ஊர்க்காரன் கூப்புட்டு செத்த மாட்டைத் தூக்கச் சொன்னதுதான் ஞாபகம் வரும். நீங்க எதுக்கு மறுபடி எடுக்கறீங்க?" என்று கேட்டார்.

பெரியவர்களின் இந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 1927 மார்ச் மாதம் மகத் மாநாட்டில் புரட்சியாளர் அம்பேத்கர் செத்த மாட்டின் இறைச்சியைத் தின்பதை விடச் சொன்னார், மற்றவர்கள் போடும் எச்சிலை வாங்குவதை விடச் சொன்னார். 1948இல் வெளியான தீண்டப்படாதவர்கள் யார் என்ற நூலில், செத்த மாட்டிறைச்சி தின்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை வரலாறாக ஆராய்ந்தார். அவர் எதிர்த்தது, இன்னாருக்கு இதுதான் விதி என்று திணிக்கப்பட்ட கட்டாயத்தை. அந்தக் கட்டாயம் இன்றும் எப்படி இருக்கிறது என்பதை 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் பார்த்தோம். செத்த மாட்டின் தோலை உரித்த நான்கு தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அந்த வேலையைச் செய்யச் சொல்வதும் அவர்கள்தான், செய்ததற்கு அடிப்பதும் அவர்கள்தான்.

கடையில் காசு கொடுத்து, நமக்குப் பிடித்த துண்டைக் காட்டி வெட்டச் சொல்லி வாங்குகிற கறி வேறு. பெரியப்பாவிடம் அதைத்தான் சொன்னோம். மராத்தியில் ஷாஹு பாட்டோலே 2015இல் எழுதிய நூல் 2024இல் 'தலித் கிச்சன்ஸ் ஆஃப் மராத்வாடா' என்று ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. அங்கே மாட்டுக்கறியை நீளமாக அரிந்து காயவைப்பதற்குச் 'சான்யா' என்று பெயர். எண்ணெயும் நெய்யும் வாங்க முடியாத வீடுகளின் சமையல் நுட்பத்தை அவர் வெட்கமும் இல்லாமல், வீண்பெருமையும் இல்லாமல் எழுதுகிறார். பெரியப்பா கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை. தின்ன வருவாரா என்று நாங்களும் வற்புறுத்தவில்லை. அந்த நினைவைச் சுமந்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு.

மறைத்து வைத்தால் நம் சாப்பாடு பட்டியலிலிருந்தே காணாமல் போகும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை. ஆம்பூர்க்காரர்கள் கேள்வி எழுப்பினார்கள். மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். கேட்டதால்தான் அது பாகுபாடு என்று பதிவானது.

உடம்புக்கு ஆகாததையும் சொல்லிவிடுகிறோம். புகை பட்டால் கறி கெடாது என்பது தவறான நம்பிக்கை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உள்ளே வைத்த கறி நான்கு மணி நேரத்துக்குள் 60 டிகிரியைத் தாண்ட வேண்டும். கறிக்குள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் இல்லாமல் ஸ்மோக்கரைத் தொடாதீர்கள். உப்புக்கண்டத்துக்கு அரிந்த மாட்டுக்கறியை முதலில் உள்சூடு 71 டிகிரி வரும்வரை வேகவைத்துவிட்டு, அதன் பிறகு சூட்டைக் குறைத்து உலர்த்துங்கள். கோழி என்றால் 74 டிகிரி. காய்ந்த துண்டை வளைத்தால் விரிசல் விட வேண்டும், ஒடியக் கூடாது. ஆயாவின் தகர டப்பாவை நம்பாமல் ஃபிரீசரில் வையுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் நைட்ரைட் உப்பைக் கைக்கணக்கில் போடவே கூடாது, நாங்கள் வாங்கவில்லை. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது. புகையூட்டியதும் உப்பிட்டதும் அதில் அடங்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இல்லாத வீடு நம் காலனிகளில் குறைவு. அதனால் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கணக்கு.

கடைசியில் நாங்கள் எதைப் பார்த்து வாங்கினோம் என்றால்: 230 வோல்ட். சூடு வெளியே போகாத இரட்டைச் சுவர். கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே சில்லு போடும் வசதி, ஏனென்றால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கும். கழற்றிக் கழுவக்கூடிய கொழுப்புத் தட்டு. உள்ளூர் எலக்ட்ரீஷியனே மாற்றக்கூடிய காயில். செல்போன் ஆப் வேண்டாம், திருகுகிற குமிழ் போதும் என்று அம்மா சொன்னார், அதுவும் ஆயிற்று. கண்ணாடிக் கதவு அழகாக இருந்தாலும் இரண்டு தடவையில் கறுத்துவிடும் என்பதால் இரும்புக் கதவு. விலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். கழுவுகிற முறையையும் மூன்றாகப் பிரித்து, ஆண்களின் பெயரை முதலில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வீடும் அந்த மாடியில் கூடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்ன மணம் என்று கேட்டார். மாட்டுக்கறி என்று மூத்தவள் சொன்னாள். அவர் அடுத்த மாதமும் கேட்டார், ஒரு தட்டு போனது. எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் அன்றைக்கு முழுக்கச் சாத்தியே இருக்கிறது. இளையவள் தன் பங்கை மூன்று கவரில் சுற்றி, ஸ்டீல் டப்பாவில் அடைத்து, துணிப்பைக்கு அடியில் வைத்துத்தான் பஸ் ஏறுகிறாள். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை. வாடகைக்கு விடும்போது சாப்பாட்டைக் கேட்பதையே தீண்டாமையாகக் கருதித் தடைசெய்யும் சட்டத்திருத்தம் வரும்வரை அந்தப் பை அப்படித்தான் போகும். அதற்காக மனு ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறோம். "வெஜ் மட்டும்" பலகையால் வீடு மறுக்கப்பட்டவர்கள் தேதியோடு எங்களுக்கு எழுதுங்கள். வீட்டுக்காரர் என்ன சொல்லி மறுத்தார் என்பதை அவர் வார்த்தையிலேயே குறித்து அனுப்புங்கள்.